காற்றில்லா இடத்து மூச்சு

வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. கரும்பொடி மருந்தின் இந்தப் பழைய கணக்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வேதியியல் படிக்காதவர்களுக்கும் பழக்கமானது. காகிதக் குழாயில் மருந்தை இறுக்கி, இருபுறமும் அடைத்து, திரி வைத்துவிடுகிறார்கள். உள்ளே காற்று போக வழியே இல்லை. ஆனாலும் திரியின் தீ உள்ளே போனதும் மருந்து பற்றிக்கொள்கிறது.

அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும். வெடிக்குள் மருந்து எரியக் காற்று வேண்டாம். காரணம் வெடியுப்பு. பொட்டாசியம் நைட்ரேட் என்ற அந்த உப்பு தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கட்டி வைத்திருக்கிறது. எரிதல் என்பது அடிப்படையில் எலக்ட்ரான் கைமாறுவதுதான். கரியும் ஓரளவு கந்தகமும் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன, நைட்ரேட் வாங்கிக்கொள்கிறது. வாங்க ஒரு பொருள் இருந்தால் போதும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனாகத்தான் இருக்க வேண்டும் என்று வேதியியலில் விதி எதுவும் இல்லை.

நாம் உண்ட சோறும் உடலுக்குள் இதே வழியில்தான் எரிகிறது, 37 டிகிரியில், படிப்படியாக. சோற்றிலிருந்து உருவும் எலக்ட்ரான்கள் செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்கு இறங்கி வருகின்றன. அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம். கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்வது மூச்சில் வரும் ஆக்சிஜன். சில நிமிடம் அது வராவிட்டால் எலக்ட்ரான்கள் போக இடமில்லாமல் தேங்கி, மொத்த ஓட்டமும் நின்றுவிடும்.

நிலத்துக்கு அடியில், நீரில் ஊறிய மண்ணுக்குள், பாறை இடுக்குகளில் பெரும்பாலும் ஆக்சிஜன் கிடையாது. அங்கேயும் உயிர்கள் இருக்கின்றன, ஏராளமாக. அங்குள்ள பாக்டீரியாக்கள் வெடிமருந்தின் தந்திரத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. காற்று இல்லாதபோது வேறு எதையாவது கொண்டு மூச்சுவிடுகின்றன. நைட்ரேட் கிடைத்தால் முதலில் நைட்ரேட். அது தீர்ந்தால் மாங்கனீசு. அப்புறம் மண்ணின் செந்நிறத்துக்குக் காரணமான இரும்புத் துரு. அதற்கும் கீழே சல்பேட். கடைசியில் கார்பன் டைஆக்சைடு. அதிக ஆற்றல் தருவது முதலில், குறைவாகத் தருவது பின்னால். இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

வரிசையில் இரும்பின் முறை வரும் இடத்தை ஒட்டி இன்னொரு பொருளுக்கும் முறை வருகிறது. யுரேனியம்.

சிவகாசியில் அணுக்கழிவு எதுவும் இல்லை, விருதுநகர் மாவட்டத்தில் யுரேனியச் சுரங்கமும் இல்லை என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாசில் சேரும் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கதிரியக்கம் இல்லாதவை. இருந்தாலும் கதிரியக்க உலோகங்களிடம் பாக்டீரியா என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்து மருந்துகளை விட நல்ல வழிகாட்டி தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட், பேரியம், ஸ்ட்ரான்சியம், கந்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் கதிரியக்க உலகில் ஓர் ஒப்புமையோ உறவோ இருக்கிறது.

யுரேனியம் அரிய பொருள் அல்ல. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் மூன்று பங்கு இருக்கிறது. கருங்கல்லில் இருக்கிறது. கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் கரைந்திருக்கிறது. இயற்கையில் இது முக்கியமாக இரண்டு நிலைகளில் கிடைக்கும். ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலை ஒன்று, நான்கை இழந்த நிலை மற்றொன்று. ஆறு இழந்த யுரேனியம் இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து யுரேனைல் என்ற அயனியாகிறது. நிலத்தடி நீரில் சாதாரணமாக இருக்கும் கார்பனேட்டோடு அது சேர்ந்துகொண்டு நன்றாகக் கரைந்து நீர் போகும் வழியெல்லாம் போகிறது. நான்கு இழந்த யுரேனியம் அப்படிக் கரைவதில்லை. யுரேனினைட் என்ற கருப்புத் தாதுவாகவோ, மண் துகளோடு ஒட்டிய படிவாகவோ அங்கேயே தங்கிவிடும். இடையில் இருப்பது இரண்டே எலக்ட்ரான். அந்த இரண்டு கிடைத்தால் யுரேனியம் மண்ணில் நிற்கும், பறிபோனால் கிணற்றுக்கு வந்துவிடும்.

சேற்றிலும் வண்டலிலும் யுரேனியம் இப்படிப் படிவதை நிலவியலாளர்கள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். சல்பைடு போன்ற பொருள்கள் உயிரின் உதவி இல்லாமல் செய்யும் வேலை அது என்றுதான் பொதுவாக நம்பினார்கள். 1980-களில் அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றின் வண்டலிலிருந்து டெரெக் லவ்லி ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், இரும்புத் துருவைக் கொண்டு மூச்சுவிடும் உயிர் அது. பின்னாளில் அதற்கு ஜியோபாக்டர் மெட்டாலிரெடியூசன்ஸ் என்று பெயர் வந்தது. துருவைக் குறைக்க, அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுக்கத் தெரிந்த உயிருக்கு யுரேனியத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? 1991-இல் லவ்லியும் சகாக்களும் நேச்சர் இதழில் பதில் எழுதினார்கள். அசிட்டேட்டை உணவாகவும் யுரேனியத்தை எலக்ட்ரான் வாங்கியாகவும் கொடுத்தபோது அந்த உயிர் வாழ்ந்தது மட்டுமல்ல, பெருகியது. கரைசலில் இருந்த யுரேனியம் கரையாத நிலைக்குப் போனது. பூமியின் மிகப் பழைய கதிரியக்க உலோகங்களில் ஒன்றை ஓர் உயிர் தன் மூச்சாகப் பயன்படுத்த முடியும் என்பது அன்று உறுதியானது. இந்தத் துறையில் எனக்கு இன்றும் பிரமிப்புக் குறையாத முடிவு இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜன் வாயு செல்லுக்குள் புகுந்துவிடும். துரு அப்படிப் புக முடியாது, கரைந்த யுரேனியம் புகுந்தாலும் உள்ளே படிந்து செல்லைக் கெடுத்துவிடும். எனவே ஜியோபாக்டர் எலக்ட்ரானை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிறது. செல்லின் வெளித்தோலில் சைட்டோகுரோம் என்ற இரும்புப் புரதங்கள் இருக்கின்றன. செல்லிலிருந்து மிக மெல்லிய இழைகளும் நீள்கின்றன, அவற்றின் வழியே மின்சாரம் ஓடுகிறது. 2011-இல் ஜெம்மா ரெகுவேரா குழுவினர், இந்த இழைகள் இருக்கும்போது யுரேனியம் செல்லுக்கு வெளியே படிகிறது, செல் பிழைக்கிறது என்று காட்டினார்கள். அந்த இழை எதனால் ஆனது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நிகில் மல்வங்கரும் சகாக்களும் 2019-இல் அதன் வடிவத்தை அணு அளவில் படம்பிடித்தார்கள். சைட்டோகுரோம் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நீண்ட கம்பியாகியிருந்தன.

இனி எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருவோம். "கதிரியக்கத்தைத் தின்னும் பாக்டீரியா" என்ற தலைப்பில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அப்படி ஒரு பாக்டீரியா கிடையாது. கதிரியக்கம் அணுக்கருவின் குணம். பாக்டீரியா செய்யும் எதுவும் அணுக்கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களோடு நின்றுவிடும். யுரேனியம் 238-இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. பாக்டீரியா அதைக் கரைத்தாலும் படியவைத்தாலும் அதில் ஒரு நொடி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது அந்த உலோகம் எங்கே இருக்கும், எங்கே போகும் என்பதுதான். அது சிறிய விஷயமும் அல்ல. மண்ணுக்கு அடியில் அசையாமல் கிடக்கும் யுரேனியத்தால் யாருக்கும் சிறுநீரகம் பழுதாவதில்லை, குடிநீரில் கரைந்து வரும் யுரேனியத்தால் அது நேரலாம்.

இந்த வேறுபாட்டைச் சிவகாசி மண்ணில் நன்றாகப் பார்க்கலாம். வண்ண வாணங்களுக்கான சில கலவைகளில் பெர்குளோரேட் சேர்க்கப்படுகிறது. தீப்பெட்டிக் குச்சியின் தலையில் அதன் உறவான பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெர்குளோரேட் நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது. தமிழக, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிவகாசிப் பட்டாசு வட்டாரத்து நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பது தெரிந்தது. சில மாதிரிகளில் அது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது குடிநீருக்கு வழிகாட்டு அளவாகக் குறித்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. பெர்குளோரேட்டின் கெடுதல் தைராய்டில். தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்ளும் வாசலில் இது நுழைந்து அடைத்துக்கொள்ளும்.

பெர்குளோரேட் அயனியின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு குளோரின், நான்கு மூலையில் நான்கு ஆக்சிஜன், மொத்தத்தில் ஓர் எதிர் மின்சுமை. நடுவிலுள்ள குளோரினை எடுத்துவிட்டு அங்கே டெக்னீசியம் என்ற உலோகத்தை வைத்தால் அதுதான் பெர்டெக்னடேட். வடிவம் அதேதான், மின்சுமையும் அதேதான். உடலுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால்தான், தைராய்டு ஸ்கேன் எடுக்கும்போது மருத்துவமனையில் பெர்டெக்னடேட்டை ஊசியாகப் போடுகிறார்கள். அயோடின் வாசல் வழியாகவே அது சுரப்பிக்குள் போய்விடும். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் வகை. அணு உலையில் எரிந்த எரிபொருளில் சேரும் டெக்னீசியம் 99 வேறு. அதன் அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டு. அதுவும் பெர்டெக்னடேட்டாக இருந்தால் பெர்குளோரேட்டைப் போலவே எந்த மண்ணிலும் ஒட்டாமல் நீரோடு ஓடும். அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிடுகிறவர்களை மிகவும் கவலைப்படவைக்கும் பொருள்களில் அது ஒன்று.

இரண்டையும் பாக்டீரியா மாற்றுகிறது. டெக்குளோரோமோனாஸ், அசோஸ்பைரா போன்றவை பெர்குளோரேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அதைக் குளோரேட்டாகவும் பின் குளோரைட்டாகவும் குறைத்து, கடைசியில் குளோரைடும் ஆக்சிஜனும் ஆக்கிவிடுகின்றன. குளோரைடு நம் சமையல் உப்பில் இருப்பது. அத்தோடு நஞ்சு தீர்ந்தது, கணக்கு முடிந்தது. டெக்னீசியத்தில் ஜியோபாக்டரும் ஷெவனெல்லாவும் வேலை செய்கின்றன. ஈ. கோலை கூட ஹைட்ரஜன் இருந்தால் தன் ஹைட்ரஜனேஸ் நொதியால் இதைச் செய்யும் என்று பிரிட்டனில் ஜான் லாயிட் குழுவினர் காட்டினார்கள். ஏழு எலக்ட்ரான் இழந்த டெக்னீசியம் நான்கு இழந்த நிலைக்கு வந்து கரையாத ஆக்சைடாகப் படிகிறது. ஆனால் டெக்னீசியம் அங்கேயே இருக்கிறது, கதிரை வீசிக்கொண்டு, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு. பெர்குளோரேட்டின் நஞ்சு அணுக்கள் சேர்ந்திருக்கும் விதத்தில் இருந்தது, அதைப் பிரித்தால் போய்விடும். டெக்னீசியத்தின் நஞ்சு அணுக்கருவில் இருக்கிறது. சிவகாசியின் பெர்குளோரேட்டைப் பாக்டீரியாவைக் கொண்டு உண்மையாகவே ஒழிக்க முடியும். அதற்கான முயற்சிக்கு இங்கே பணமும் ஆள்பலமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேரியத்தின் கதை இன்னும் சிக்கலானது, அதனால்தான் அதில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

வாணத்தில் பச்சை தருவது பேரியம். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புகளுக்குத் தடை விதித்தபோது, அந்தப் பெயர் சிவகாசியில் டீக்கடை வரைக்கும் போனது. பேரியம் நைட்ரேட்டுக்கு மூலம் பேரைட் என்ற கனமான பாறை. உலகின் மிகப் பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. பேரைட் என்பது பேரியம் சல்பேட். அது நீரில் கரையவே கரையாது. அதனால்தான், கரையும் பேரிய உப்புகள் நஞ்சாக இருந்தும், குடல் எக்ஸ்ரேக்கு முன்னால் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கரையாததைக் கரையவைக்கத் தொழிற்சாலைகள் பேரைட்டைக் கரியோடு கலந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் வறுக்கின்றன. கரி எலக்ட்ரானைக் கொடுக்க, சல்பேட் சல்பைடாகிறது. பேரியம் சல்பைடு கரையும். அதிலிருந்து நைட்ரேட் செய்கிறார்கள்.

தனிம அட்டவணையில் பேரியத்துக்கு நேர் கீழே இருப்பது ரேடியம். 1898-இல் கியூரி தம்பதியர் பிட்ச்பிளெண்ட் தாதுவில் ரேடியத்தைக் கண்டதே பேரியத்தின் துணையோடுதான். பேரியத்தைப் பிரித்தால் அதனோடு ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, கதிரை வீசியது. யுரேனியம் சிதையும் வழியில் பிறக்கும் ரேடியம் 226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உடலில் அது கால்சியம் போல எலும்பில் சேரும். யுரேனிய ஆலையில் யுரேனியத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் ரேடியம் ஏறக்குறைய முழுவதும் தங்கிவிடும். ஜார்க்கண்டில் ஜாதுகோடா யுரேனிய ஆலையின் கழிவுநீரில் பேரியம் குளோரைடு சேர்க்கப்படுவது இதற்காகத்தான். பேரியம் சல்பேட்டாகப் படியும்போது ரேடியத்தையும் தன் படிகத்துக்குள் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பச்சை வாணத்தின் உலோகம் அங்கே ரேடியத்தைப் பிடிக்கும் வேலை செய்கிறது.

இப்போது மேலே சொன்ன வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரும்புக்குக் கீழே சல்பேட். அந்தப் படிவு சேரும் குட்டையின் அடியில், காற்று இல்லாமல், மக்கிய தழையும் இலையும் உணவாகக் கிடைத்தால், சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் கிளம்பிவிடும். நீரில் கரைந்த சல்பேட் தீர்ந்ததும் பேரியம் சல்பேட்டிலிருந்தே அதை இழுக்கத் தொடங்கும். சல்பேட் சல்பைடாகும், பேரியம் கரையும், கூடவே ரேடியமும் கரையும். ஆயிரம் டிகிரி உலை செய்கிற அதே மாற்றத்தை இந்த உயிர்கள் குளத்துச் சேற்றின் வெப்பத்தில் செய்து முடிக்கின்றன. ஆய்வகங்களில் யுரேனிய ஆலைக் கழிவை வைத்து இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கவனியுங்கள், இதே சல்பேட் பாக்டீரியாக்கள் யுரேனியத்தைக் குறைத்துப் படியவைக்கவும் செய்யும். ஒரே சேற்றில், ஒரே உயிர், யுரேனியத்தைக் கட்டிப்போடுகிறது, ரேடியத்தை அவிழ்த்துவிடுகிறது. காற்றுப்படும்படி வைத்தால் ரேடியம் நிற்கும், யுரேனியம் கிளம்பும். காற்றை அடைத்தால் யுரேனியம் நிற்கும், ரேடியம் கிளம்பலாம். பாக்டீரியாவைக் கொண்டு கதிரியக்கக் கழிவைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாராவது எளிதாகச் சொன்னால், எந்த உலோகம், எந்த நிலை, வேறு என்னென்ன கரைந்திருக்கிறது என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் நம்பக் கூடாது.

இன்னொரு கதிரியக்க உலோகமான தோரியத்தின் கதை சுருக்கமானது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டுதான் அந்த மணலின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார். தோரியம் இயற்கை நீரில் நான்கு எலக்ட்ரான் இழந்த ஒரே நிலையில்தான் இருக்கும். கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டாவது நிலை இல்லை. எனவே பாக்டீரியாவின் மூச்சுக்கு அது பயன்படாது.

யுரேனியத்தைக் குறைக்கும் பாக்டீரியாவைக் களத்தில் இறக்கிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற ஊரில் பழைய யுரேனிய ஆலை ஒன்று இருந்தது. ஆலையை மூடிக் கழிவை அகற்றிய பிறகும் நிலத்தடி நீரில் யுரேனியம் நின்றது. 2002-இல் அங்கே நிலத்துக்குள் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்பு அது. வெளியிலிருந்து பாக்டீரியா எதையும் போடவில்லை, அங்கேயே இருந்த ஜியோபாக்டருக்கு உணவு மட்டும் கொடுத்தார்கள். சில நாட்களில் நீரிலிருந்த யுரேனியம் குறையத் தொடங்கியது. ஐம்பது நாளுக்குள் சில கிணறுகளில் அது நிர்ணயித்த அளவுக்கும் கீழே போனது. அப்புறம் மண்ணில் எளிதில் கிடைத்த இரும்பு தீர்ந்தது, சல்பேட் பாக்டீரியாக்கள் மேலோங்கின, உணவு அவற்றுக்குப் போனது, யுரேனியம் மறுபடி ஏறியது. எந்த உயிர் எப்போது மேலோங்கும் என்பதைப் பொறுத்துத்தான் இதில் வெற்றியும் தோல்வியும்.

இன்னொரு கவலையும் உண்டு. பாக்டீரியா படியவைக்கும் யுரேனியம் எப்போதும் கெட்டியான யுரேனினைட் படிகமாக இருப்பதில்லை. 2017-இல் வயோமிங் மாநிலத்து யுரேனியப் படிவம் ஒன்றை ஆராய்ந்த அம்ரிதா பட்டாச்சார்யாவும் சகாக்களும், அதில் பெரும்பகுதி படிகமாகாத, உயிர்ப்பொருளோடு ஒட்டிய, நான்கு எலக்ட்ரான் இழந்த யுரேனியம் என்று கண்டார்கள். அந்த வகை எளிதில் திரும்பக் கரையும்.

கரைப்பதிலும் பாக்டீரியா வல்லது. இரும்புக் கந்தகத் தாதுவில் வாழும் அசிடித்தயோபேசில்லஸ் என்ற உயிர் இரும்பின் எலக்ட்ரானைப் பறித்து வாழ்கிறது. பறிகொடுத்த இரும்பு யுரேனியத்திடமிருந்து பறிக்கிறது, யுரேனியம் கரைகிறது. கனடாவின் எலியட் லேக் சுரங்கங்களில் இந்த வழியிலேயே யுரேனியத்தைப் பாறையிலிருந்து கரைத்து எடுத்தார்கள்.

நம் நாட்டு ஆய்வகங்கள் வேறு ஒரு பாதையில் போயின. டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா 1956-இல் அமெரிக்காவின் ஆரிகனில், கதிர்வீச்சால் கிருமி நீக்கிய இறைச்சி டப்பாவுக்குள் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. கதிரால் துண்டு துண்டாகும் தன் டி.என்.ஏ.வை அது மறுபடி சேர்த்துக்கொள்ளும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்ரீகுமார் ஆப்தே குழுவினர், டைபாய்டுக் கிருமியிலிருந்து பாஸ்படேஸ் நொதிக்கான மரபணு ஒன்றை எடுத்து இதில் சேர்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த வேலையில், நொதி விடுவிக்கும் பாஸ்பேட் யுரேனியத்தோடு சேர்ந்து படிந்தது. கரைசலில் இருந்த யுரேனியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஆறு மணி நேரத்தில் வெளியே வந்தது. 6,000 கிரே கதிர்வீச்சு வாங்கிய பிறகும் அந்தத் திறன் குறையவில்லை. மனிதருக்கு ஐந்து கிரேயே உயிருக்கு ஆபத்து. இதில் யுரேனியத்தின் எலக்ட்ரான் கணக்கு மாறுவதில்லை, ஆறு இழந்த நிலையிலேயே பாஸ்பேட்டாகப் படிகிறது. எனவே காற்றுப் பட்டாலும் திரும்பக் கரையும் பயம் குறைவு. இந்த வழிதான் நீடித்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்பாக்கத்தில் நாஞ்சாரையா, வேணுகோபாலன் ஆகியோரின் குழு வேறொன்று செய்தது. காற்று ஊட்டிய தொட்டியில் பாக்டீரியாக்கள் தாமாகவே சிறு மணிகளாகத் திரள வைத்து, அந்த மணிகள் யுரேனியத்தை ஈர்ப்பதையும், நைட்ரேட் மிகுந்த கழிவுநீரிலிருந்து நைட்ரேட்டை நீக்குவதையும் ஆராய்ந்தது. அணு எரிபொருள் வேலையில் நைட்ரிக் அமிலம் ஏராளமாகப் பயன்படுவதால் அங்கே யுரேனியமும் நைட்ரேட்டும் ஒன்றாகவே வருகின்றன.

நைட்ரேட் என்ற சொல் இந்த அத்தியாயத்தில் எங்கே போனாலும் எதிரே வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் வரிசைதான். பெர்குளோரேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்களில் பல, நைட்ரேட் இருந்தால் முதலில் அதையே எடுத்துக்கொள்ளும். டெக்னீசியத்துக்கும் யுரேனியத்துக்கும் முறை வர வேண்டுமானால் நைட்ரேட் தீர்ந்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல. ஏற்கெனவே படிந்து கிடக்கும் யுரேனியத்தின் எலக்ட்ரானையும் பறித்து, அதைக் கரைத்து வெளியே கொண்டுவர நைட்ரேட் உதவும். நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்களே அந்த வேலையையும் செய்கின்றன.

இது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 324 கிணறுகளின் நீரைச் சோதித்தார்கள். பலவற்றில் யுரேனியம் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மூலம் ஆலையோ அணு உலையோ அல்ல, பாறையிலேயே இருக்கும் இயற்கை யுரேனியம். அதைக் கிளப்பிவிடுவதில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைப்பதும் நைட்ரேட் கலப்பதும் துணைசெய்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள். நீர்மட்டம் இறங்கினால் காற்றுப்படாத ஆழத்துக்கும் காற்றுப் போகிறது. மேலேயிருந்து உரமும் சாணமும் கழிவறைத் தொட்டியின் கசிவும் நைட்ரேட்டைக் கொண்டுவருகின்றன. இரண்டும் சேர்ந்து, பாக்டீரியாக்கள் கட்டிவைத்த யுரேனியத்தை அவிழ்த்துவிடுகின்றன.

விருதுநகரும் கடினப் பாறைமேல் இருக்கும் வறண்ட மாவட்டம்தான். வைப்பாற்றில் வருடத்தில் பல மாதம் மணல்தான் தெரியும், ஊர்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கின்றன. இந்த நீரில் நைட்ரேட் இருந்தால் அதில் பெரும்பங்கு வயலிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது, பட்டாசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது உப்புத்தன்மையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நைட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அது மிகுந்திருந்தால் யுரேனியத்தையும், பட்டாசு வட்டாரமாக இருந்தால் பெர்குளோரேட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் எதுவும் நீரைக் கொதிக்கவைப்பதால் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும்.